இரண்டாவது பல்பும் நாற்பது அட்டைகளும்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் ஏதாவதொரு பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது காவிரிக் கரையோரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு அறிவியல், ‘மின்னூட்டமும் மின்னோட்டமும்’ பாடம். முதல் வாரம் சார்ட் எழுதியே விரல் வலித்தது. எலக்ட்ரானை நீல ஸ்கெட்ச்சில் போட்டு, பக்கத்தில் அம்புக்குறி வரைந்து, கரும்பலகையோரம் மாட்டினேன். பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டார்கள். அழகாகத்தான் வரைந்தார்கள். எலக்ட்ரான் நகரும் என்ற செய்தி மட்டும் அந்தப் படத்தில் இல்லை.

இரண்டாம் வாரம், ராத்திரிகளில் கைபேசியோடு உட்கார்ந்தேன். ‘ஆசிரியர்களுக்கு இலவசம்’ என்ற பலகையோடு இணையத்தில் கருவிகள் கொட்டிக் கிடக்கின்றன. திறந்து பார்த்ததில் பல, கணக்குத் தொடங்கச் சொல்லிவிட்டுச் சில நாளில் பணம் கேட்பவை. சில, ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு கைபேசி இருக்கும் என்ற நினைப்பில் செய்யப்பட்டவை. எங்கள் பள்ளியில் மாணவர்கள் கைபேசி கொண்டுவரவே கூடாது. நார்வேயில் பிறந்த கஹூட் வினாடி வினாவை அந்த ஒரு காரணத்துக்காக மனமில்லாமல் மூடிவைத்தேன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தன் முதுகலை ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய ஜியோஜீப்ராவைக் கணக்கு டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன். பட்டப்பகலில் சுவரில் நட்சத்திரம் காட்டும் ஸ்டெல்லேரியம் ஒரு வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடைக் காப்பாற்றியது. கடைசியில் என்னிடம் தங்கியவை மூன்றுதான்: ஒரு பாவனைச் சோதனைக்கூடம், ஒரு கட்டு அட்டை, என் சொந்தக் கைபேசி.

பாவனைச் சோதனைக்கூடத்தின் பெயர் ஃபெட். போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துவது. அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு வெகு அருகே குளிரவைத்ததற்காக 2001-இல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த ஆண்டே இதைத் தொடங்கினார். திரையில் மின்கலத்தை இழுத்துப் போடலாம், கம்பி இணைக்கலாம், பல்பு மாட்டலாம். சுற்று மூடியதும் கம்பிக்குள் நீலக் குண்டுமணிகள் வரிசையாக ஊரத் தொடங்கும். அவைதான் எலக்ட்ரான்கள். ஒருமுறை பதிவிறக்கி பென் டிரைவில் போட்டுக்கொண்டால் பிறகு இணையம் வேண்டாம். எங்கள் ஹைடெக் லேபில் இணையம் வரும் நேரத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

புரொஜெக்டரில் போட்டுக் காட்டினேன். ஒரு பல்பு, பிறகு தொடரிணைப்பில் இரண்டு பல்பு. வகுப்பே வாய் பிளந்து பார்த்தது. பின் வரிசைப் பையன்கள்கூட முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கரும்பலகையில் ஒரு மின்கலம், தொடரிணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்பு வரைந்து, எது அதிகமாக ஒளிரும் என்று கேட்டேன். “முதல் பல்பு மிஸ்” என்றது பாதிக்கு மேற்பட்ட வகுப்பு. ஏன்? “கரண்ட் மொதல்ல அங்கதானே வருது. மிச்சம்தான் ரெண்டாவதுக்கு.” முந்தின நாள் இரண்டும் ஒரே அளவில் ஒளிர்ந்ததை இதே கண்கள் பார்த்திருந்தன.

எனக்கு வழிகாட்டியாக இருந்த சார் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். “ஏம்மா, படம் காட்டிட்டா பாடம் முடிஞ்சிருமா?” என்றார். அவருக்கு இந்தக் கருவிகள் மீது ஏற்கெனவே பெரிய மரியாதை கிடையாது. கோபம் வந்தது. ஆனால் பதில் வரவில்லை.

பதில் 2004-லேயே அச்சில் வந்திருக்கிறது. ஹார்வர்டில் எரிக் மசூரும் அவருடைய குழுவினரும் இயற்பியல் வகுப்புகளில் செய்துகாட்டும் சோதனைகளை எடுத்துக்கொண்டு ஒன்றைச் சரிபார்த்தார்கள். ஒரு பிரிவு மாணவர்களுக்குச் சோதனையே காட்டவில்லை. ஒரு பிரிவுக்கு வழக்கம்போலக் காட்டி விளக்கினார்கள். மூன்றாவது பிரிவிடம், காட்டுவதற்கு முன் ‘என்ன நடக்கும்?’ என்று கேட்டு ஊகத்தைப் பதியச் சொன்னார்கள். நான்காவது பிரிவு ஊகித்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் செய்தது. பருவ முடிவில் அதே சூழலைக் கொடுத்துக் காரணம் கேட்டபோது, சும்மா பார்த்தவர்களுக்கும் பார்க்கவே பார்க்காதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முன்கூட்டி ஊகித்தவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். அந்த ஊகத்துக்கு அவர்கள் செலவிட்டது இரண்டொரு நிமிடம்.

நான் என் வகுப்புக்கு ஒரு நல்ல மேஜிக் ஷோ நடத்தியிருக்கிறேன்.

ஏன் இப்படி? பார்க்கும்போது மனம் வெறும் தட்டாக இருப்பதில்லை. மின்சாரம் ஒரு பொருள், பல்பு அதைத் தின்கிறது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் முன்பே இருக்கிறது. ‘கரண்ட் எவ்வளவு ஓடியிருக்கு?’ என்று மீட்டரைப் பார்த்துப் பேசும் வீட்டில் வளர்ந்தால் வேறெப்படி நினைக்க முடியும்? இரண்டு பல்பு சமமாக ஒளிர்வதைப் பார்க்கிற மூளை, அதைத் தன் எண்ணத்தோடு மோதவிடாமல் பக்கவாட்டில் நகர்த்திவிடுகிறது. ‘முதல் பல்புதான்’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு பார்த்தால் நகர்த்த இடமில்லை. சொன்னது பொய்த்தது என்ற சிறு அதிர்ச்சி வருகிறது. கவனம் கூர்மையாகிறது. உளவியலில் இதற்குத் துணை நிற்கும் வேடிக்கையான முடிவு ஒன்று உண்டு. பொது அறிவுக் கேள்விகளுக்குத் தயங்கிச் சொன்ன தவறுகளைவிட, ‘நிச்சயம் இதுதான்’ என்று அடித்துச் சொன்ன தவறுகளே திருத்தம் கேட்டபின் எளிதாகச் சரியாகின்றன என்று 2001-இல் பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் காட்டினார்கள். பலமாக நம்பியதுதான் எளிதில் மாறாது என்றல்லவா நினைப்போம்?

பாவனைச் சோதனையைக் குறை சொல்ல வரவில்லை. 2005-இல் கொலராடோவிலேயே நடந்த ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் நிஜக் கம்பி, நிஜப் பல்பு கொண்டும் மற்றவர்கள் ஃபெட் கொண்டும் மின்சுற்று படித்தார்கள். பிறகு இரு சாராரிடமும் நிஜ மின்சுற்று ஒன்றைக் கட்டி விளக்கச் சொன்னார்கள். திரையில் படித்தவர்களே நன்றாகச் செய்தார்கள், விளக்கவும் விளக்கினார்கள். நிஜச் சாமான்களில் கம்பியின் நிறம், தளர்ந்த முனை, செத்த பேட்டரி என்று கவனத்தைப் பிடுங்க ஆயிரம் இருக்கின்றன. முக்கியமான சங்கதியான மின்னோட்டமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்த மாணவர்கள் தங்கள் கையால் இழுத்துப் போட்டுச் சுற்று கட்டினார்கள் என்பதை நான் முதலில் கவனிக்காமல் விட்டுவிட்டேன். என் வகுப்பில் மவுஸ் என் கையில்தான் இருந்தது.

அந்த நீலக் குண்டுமணிகள் ஒரு பொய்யும் சொல்கின்றன. திரையில் அவை கண்ணால் பின்தொடரும் வேகத்தில் ஊர்கின்றன. நிஜத்தில்? ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் முன்னேறுகின்றன. காலை இறைவணக்கத்தின்போது சுவிட்சைப் போட்டால், ஓர் எலக்ட்ரான் ஒரு மீட்டர் போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். பிள்ளைகள் இதை நம்பவே இல்லை. அப்படியானால் சுவிட்சு போட்ட கணமே விளக்கு எரிவது எப்படி என்று எதிர்க்கேள்வி வந்தது. நல்ல கேள்வி. சைக்கிள் செயினைப் பாருங்கள் என்றேன். பெடலை மிதித்த கணமே பின் சக்கரம் நகர்கிறது. பெடல் பக்கத்திலிருந்த கண்ணி ஓடிப்போய்ச் சக்கரத்தைத் தொட்டுவிட்டு வருவதற்காக அது காத்திருப்பதில்லை. செயின் முழுக்கக் கண்ணிகள் முன்பே இருக்கின்றன, எல்லாம் சேர்ந்தே நகர்கின்றன. கம்பியும் அப்படியே. அதற்குள் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. ‘நகரு’ என்ற கட்டளைதான் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் கம்பி நெடுகப் பரவுகிறது.

இதே செயின் இரண்டாவது பல்பின் வழக்கையும் தீர்த்துவைத்தது. பின் சக்கரப் பல்லுக்குள் எத்தனை கண்ணி நுழைகிறதோ அத்தனையும் வெளியே வருகிறது. சக்கரம் எந்தக் கண்ணியையும் தின்பதில்லை. அது வாங்கிக்கொள்வது ஆற்றலை. பல்பும் எலக்ட்ரானைத் தின்பதில்லை. தொடரிணைப்பில் இரண்டு பல்பு என்பது ஒரே செயினில் இரண்டு சக்கரம் மாட்டியது போல. செயின் எங்கும் ஒரே வேகத்தில்தான் போக முடியும். இதைச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம், வெளியே ஸ்டாண்டு போட்டு நிற்கும் ஒரு சைக்கிள் போதும். ஆனால் இதையும் நாற்பது பேரிடம் ஊகம் வாங்கிய பிறகே சொல்ல வேண்டும் என்பதில் இப்போது நான் பிடிவாதமாக இருந்தேன்.

நாற்பது பேரிடம் ஊகம் வாங்குவது எப்படி? கை தூக்கச் சொன்னால் நடப்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். முதல் ரேங்க் பையன் கை எந்தப் பக்கம் போகிறது என்று வகுப்பு அரை நொடி காத்திருக்கும். பிறகு முப்பது கைகள் அதே பக்கம். துண்டுத் தாளில் எழுதி வாங்கினால் எண்ணி முடிப்பதற்குள் பீரியடு முடிந்துவிடும்.

இங்கேதான் அட்டைகள் வந்தன. பிளிக்கர்ஸ் என்ற கருவி. அதன் அட்டைகளைச் சாதாரணத் தாளில் அச்செடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று. அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஒரு வடிவம், ஓரங்களில் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த எழுத்து மேலே வரும்படி பிடிக்கிறோமோ அதுவே விடை. ஆசிரியர் ஒரே ஒரு கைபேசியின் கேமராவை வகுப்பின் மீது இடமிருந்து வலமாக மெல்ல ஓட்டினால், யார் என்ன சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும். ஒருவர் அட்டையைப் போல இன்னொருவர் அட்டை இருக்காது. ஆகவே பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது. முதல் நாள் பிள்ளைகள் இதை மந்திரம் என்றே நினைத்தார்கள். ஒரு பெண் அட்டையை முகர்ந்து பார்த்தாள்.

மந்திரம் உடைந்தால்தான் அது அறிவியல் வகுப்பு. நாமே ஒரு அட்டை செய்வோம் என்று கிராஃப் தாளும் ஸ்கெட்ச்சும் கொடுத்தேன். நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று, ஆக ஒன்பது கட்டம். ஒவ்வொன்றையும் கறுப்பாக்கலாம் அல்லது வெள்ளையாக விடலாம். இரண்டை ஒன்பது முறை பெருக்கினால் 512 வடிவங்கள். ஆனால் எல்லாம் உதவாது. முழு வெள்ளை அட்டையை எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், விடை ஏ-யா பி-யா என்று கேமராவுக்குத் தெரியாது. தலைகீழாகத் திருப்பினாலும் மாறாத வடிவங்களைத் தள்ளிவிட வேண்டும். அவை எத்தனை? நடுக் கட்டம் எப்படியும் இருக்கலாம். மற்ற எட்டுக் கட்டங்களும் எதிரெதிராக நான்கு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். ஆக, சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கக்கூடியவை ஐந்து. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. மிச்சம் 480. ஒரே அட்டையை நான்கு பக்கம் திருப்பும்போது நான்கு வடிவங்கள் செலவாகின்றன. 480-ஐ நான்கால் வகுத்தால் 120 அட்டை. ஒன்பதே கட்டத்தில் மூன்று வகுப்புக்குப் போதுமான அட்டை! இந்தக் கணக்கைக் கண்டுபிடித்துச் சொன்னது நான் இல்லை. கணக்கில் எப்போதும் திட்டு வாங்கும் ஒரு பையன். ஜோடிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிச் சொன்னான்.

ஆனால் 120 அட்டையையும் அச்சடித்தால் வகுப்பு நாறிவிடும். ஜன்னல் வெயில் ஒரு கறுப்புக் கட்டத்தின் மீது விழுந்து பளபளத்தால் கேமரா அதை வெள்ளை என்று படிக்கும். உடனே கவிதாவின் விடை செல்வத்தின் கணக்கில் ஏறிவிடும். எங்கள் வகுப்பிலேயே கவிதாவும் சவிதாவும் இருந்தார்கள். வருகைப் பதிவின்போது வெளியே பஸ் போனால் ஒரே பெயருக்கு இரண்டு ‘உள்ளேன் மிஸ்’ வரும். முத்துராமனுக்கு அந்தப் பிரச்சினை என்றைக்கும் வந்ததில்லை. சத்தத்தில் பாதி எழுத்து காணாமல் போனாலும் முத்துராமன் முத்துராமன்தான். அட்டைகளும் கவிதா, சவிதா போல இல்லாமல் ஒன்றுக்கொன்று போதிய தூரத்தில் இருக்க வேண்டும். எந்த இரண்டு அட்டையை எடுத்தாலும், எப்படித் திருப்பினாலும், குறைந்தது மூன்று கட்டமாவது வேறுபட்டால், ஒரு கட்டம் தவறாகப் படிக்கப்பட்டாலும் ‘இது யாருக்கு மிக அருகில் இருக்கிறது?’ என்று பார்த்துச் சரியான ஆளைப் பிடித்துவிடலாம்.

இந்தத் ‘தூரம்’ என்ற எண்ணத்தை 1950-இல் கணிதமாக்கியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஹேமிங். வார இறுதியில் அவர் ஓட விட்டுப்போகும் கணக்குகளை, ஒரு பிழை கண்டதும் இயந்திரம் கைவிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரம் அதைத் திருத்தவும் ஏன் கூடாது என்ற எரிச்சலில் பிறந்தது பிழை திருத்தும் குறியீடு. தூரத்தைப் பெருக்க வேண்டுமானால் கட்டங்களைக் கூட்ட வேண்டும். ஐந்துக்கு ஐந்து என்று வைத்தால், முன்போலவே கணக்கிட்டால் 83,86,560 அட்டைகள் கிடைக்கும். அவ்வளவு பெரிய கூட்டத்திலிருந்து ஒருவரையொருவர் சாயலில் ஒக்காத நாற்பது பேரை மட்டும் பொறுக்கிக்கொள்வது சுலபம். வீணாக்கப்பட்ட வடிவங்கள்தான் பிழையிலிருந்து காக்கும் அகழி.

இதன் பெரியண்ணன் பிள்ளைகளின் பைக்குள்ளேயே இருந்தது. 2018-லிருந்து வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறதே, அதுதான். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவின் குழு 1994-இல் மோட்டார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காகச் செய்தது. மூன்று மூலையில் இருக்கும் சதுரங்களை உற்றுப் பாருங்கள். நடுவின் வழியாக எந்தக் கோணத்தில் கோடு போட்டாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறிமாறி வரும். அச்சிட்ட தாள்களில் இந்த விகிதம் மிக அபூர்வமாகவே வருகிறது என்று தேடிப் பார்த்துத் தேர்ந்தார்கள். சாய்த்துப் பிடித்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் கேமரா ‘இதோ மூலை’ என்று கண்டுகொள்வது அதனால்தான். ஹேமிங்குக்குப் பத்தாண்டு கழித்து ரீடும் சாலமனும் வகுத்த இன்னும் வலுவான கணிதத்தைப் பிழை திருத்தத்துக்கு வைத்தார்கள். உயர்ந்த நிலையில் 30 விழுக்காடு வரை அழிந்தாலும் படித்துவிடலாம். ஒருத்தியின் புத்தகத்தில் குறியீட்டின் மீது பேனா மை கொட்டியிருந்தது. என் கைபேசியைக் காட்டினேன், திறந்தது.

ஒரு முழுப் பீரியடு இதிலேயே போயிற்று. பாடத் திட்டத்தில் இது இல்லை. சார் ஒன்றும் சொல்லவில்லை, என் லெசன் பிளானைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

இனிமேல் மசூரின் முறைக்கு வரலாம். 1991 முதல் ஹார்வர்டில் அவர் நடத்திவருவது எளிய சடங்கு. கேள்வியைப் போடு. தனித்தனியாக வாக்களிக்கச் சொல். சரியான விடை சுமார் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் ‘பக்கத்தில் இருப்பவரை நம்பவை’ என்று விட்டுவிட்டு, மறுபடி வாக்களிக்கச் சொல். அதற்குப் பிறகே விடையைச் சொல். முதல் வாக்கின் முடிவை வகுப்புக்குக் காட்டாமல் இருப்பதுதான் இதில் சூட்சுமம்.

இந்தச் சடங்கு தடம் புரண்ட ஓர் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். பக்க இணைப்பில் மூன்றாவதாக ஒரு பல்பைச் சேர்த்தால் மற்ற இரண்டின் ஒளி குறையுமா என்று கேட்டேன். முதல் வாக்கில் கணிசமானவர்கள் ‘மாறாது’ என்ற சரியான விடையைத் தந்திருந்தார்கள். பேசச் சொன்னேன். முதல் ரேங்க் பையன் எழுந்து, வீட்டில் கிரைண்டர் போட்டால் லைட் மங்குவதை அருமையாக விவரித்தான். இரண்டாவது வாக்கில் தவறான விடை கூடிவிட்டது! கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. குழப்பத்தைத் துல்லியமாக எண்ணிக் காட்டியது. பையன் சொன்னதும் பொய்யில்லை. வீட்டுக்கு வரும் கம்பிக்கும் மின்தடை உண்டு, கிரைண்டர் இழுக்கும் மின்னோட்டத்தால் அதில் மின்னழுத்தம் கொஞ்சம் விழுகிறது, விளக்கு மங்குகிறது. ஃபெட்டில் கம்பியின் மின்தடையை வேண்டுமளவு கூட்டலாம். அன்றைக்கு மவுஸை அவனிடமே கொடுத்தேன். கம்பியின் தடையைப் பூஜ்யத்தில் வைத்தான், மூன்றாவது பல்பை மாட்டினான், ஒளி மாறவில்லை. தடையைக் கூட்டினான், மங்கியது. இரண்டு விடைக்கும் நடுவே இருந்தது ஒரு நிபந்தனை. பாடப்புத்தகம் அதை எழுதாமலே விட்டிருந்தது.

பேசுவதால் மட்டுமே பலன் வருமா, கெட்டிக்காரன் சொன்னதை மற்றவர்கள் ஏற்றுக்கொள்வதுதான் நடக்கிறதா என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. கொலராடோவில் உயிரியல் வகுப்பொன்றில் இதைச் சோதித்து 2009-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பேசியபின், அதே கருத்தை வேறு வடிவில் கேட்கும் இன்னொரு கேள்விக்குத் தனியாக விடையளிக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் யாருக்குமே சரியான விடை தெரியாத குழுக்களில்கூட முன்னேற்றம் இருந்தது. நாமே தடுமாறி ஒரு முடிவுக்கு வருவதில் ஏதோ இருக்கிறது.

அட்டையால் இன்னொரு லாபம், ஒரு வாரம் கழித்து அதே கேள்வியைச் சுலபமாக மறுபடி கேட்கலாம். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு பத்திகளைப் படிக்கக் கொடுத்து, ஒன்றை மறுபடி படிக்கச் சொன்னார்கள், மற்றதை நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்த பத்தியே மேல்: 81-க்கு 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: மறுபடி படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. தேர்வு என்றால் மதிப்பெண் போடும் வேலை என்றே எல்லோரும் நினைக்கிறோம். நினைவை உழும் கலப்பையும் அதுவே.

இலவசம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகங்கள் நிதிக் கொடையில் நடத்துபவை ஒரு வகை. நிறுவனங்கள் கொஞ்சம் இலவசமாகத் தந்து மீதிக்கு விலை வைப்பவை இன்னொரு வகை. இரண்டாம் வகையில் இன்றைக்கு இருக்கும் வசதி அடுத்த பருவத்தில் இருக்கும் என்று எண்ணிப் பாடம் திட்டமிடக் கூடாது. பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள் எதையும் எங்கேயும் ஏற்றக் கூடாது. இந்தியாவின் 2023 எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. நான் வரிசை எண்ணை மட்டும் ஏற்றினேன். கருவிக்கு 17-ஆம் எண் தெரியும். 17-ஆம் எண் யார் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவது கருவிக்கு அட்டைகூட வேண்டாம். ஜெர்மனியின் ஆஹன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற செயலி, கைபேசிக்குள் இருக்கும் உணர்விகளைச் சோதனைக்கருவியாக மாற்றுகிறது. அதன் ஒலி நிறுத்துக்கடிகாரம் ஒரு சத்தத்தில் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும். பலூனில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஊசியால் குத்தினோம். ‘பட்’டென்று தொடக்கம், தட்டில் நட்டு விழுந்து ‘டங்’கென்று முடிவு. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.45 நொடி அளவில் வர வேண்டும், வந்தது. கையால் நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினால் விரலின் தாமதமே ஐந்தில் ஒரு பங்கு நொடியைத் தின்றுவிடும். கலிலியோவுக்கும் இதே சிக்கல்தான். அவர் சாய்தளத்தில் பந்தை உருட்டி விழுகையை மெதுவாக்கினார், வழியும் நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார்.

பயிற்சியின் கடைசி வாரத்துக்கு ஒரு கேள்வியைப் பத்திரமாக வைத்திருந்தேன். கைபேசிக்குள் முடுக்கமானி இருக்கிறது. மேசை மீது சும்மா கிடக்கும்போது அது என்ன காட்டும்? உயரத்திலிருந்து கீழே விழும்போது என்ன காட்டும்? அட்டைகள் உயர்ந்தன. மிகப் பெரும்பாலோர்: கிடக்கும்போது பூஜ்யம், விழும்போது 9.8. ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று படித்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? விடுதி அறையில் முதன்முதலாகச் செய்து பார்த்த ராத்திரி நானும் அதைத்தான் நினைத்தேன்.

மேசை மீது வைத்தேன். 9.8.

வகுப்பு ‘ஓ’ என்றது. போன் கெட்டுப்போச்சு மிஸ் என்றான் ஒருவன்.

உள்ளே இருப்பது ஒரு வில் தராசு. மீன் கடையில் கொக்கியில் மாட்டி நிறுப்பார்களே, அதன் நுண்ணிய உறவினர். கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிலிக்கான் கட்டி, சிலிக்கானாலேயே செய்த மெல்லிய வில்களில் தொங்குகிறது. கட்டியின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போல நீட்டல்கள், எதிரே அசையாத இன்னொரு சீப்பு. கட்டி நகர்ந்தால் பற்களுக்கு இடையேயுள்ள தூரம் மாறும், மின்தேக்குத்திறன் மாறும், மின்சுற்று அதை எண்ணாக மாற்றும். ஆக, இந்தக் கருவிக்குத் தெரிவதெல்லாம் வில் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பது மட்டுமே. மேசை மீது கிடக்கும்போது கட்டி கீழே இழுக்கப்பட்டு வில் தொய்கிறது, 9.8 காட்டுகிறது. மீனோடு சேர்த்துத் தராசையே கை நழுவ விட்டால்? தராசும் மீனும் ஒரே வேகத்தில் விழுகின்றன. மீன் கொக்கியை இழுக்கவே இல்லை. முள் பூஜ்யத்துக்குப் போகும். 1907-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியதும் இதுவே: விழுகிறவன் தன் எடையை உணரமாட்டான். பொதுச் சார்பியல் கோட்பாடு அந்தத் தோன்றலிலிருந்து கிளம்பியது.

முதலில் தண்ணீர்ப் பாட்டிலில் செய்தோம். அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டில், கையில் இருக்கும்வரை பீச்சியடித்தது. மாடிப்படியிலிருந்து விட்டபோது விழும் நேரம் முழுக்க ஓட்டையில் ஒரு சொட்டு வரவில்லை. கீழே விழுந்து உடைந்தபிறகுதான் தண்ணீர் தெறித்தது. அதைப் பார்த்தபின் இரண்டாம் முறை அட்டை தூக்கச் சொன்னேன். பல அட்டைகள் திரும்பின. முதல் ரேங்க் பையனுடையது திரும்பவில்லை.

பிறகு போனை விட வேண்டும். சத்துணவுக் கூடத்து அக்கா வீட்டிலிருந்து இரண்டு தலையணை வந்தது. முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை, வரைகோடு 9.8-இலிருந்து இறங்கிப் பூஜ்யத்தில் தவழ்ந்து, தலையணையில் மோதிக் குதித்தது. எல்லோரும் ஒவ்வொரு முறை விட வேண்டும் என்றார்கள். சரி என்றேன். அது தப்பு.

அந்த வரைபடங்களை அச்செடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டினேன். செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு படத்தில் நின்றார். பூஜ்யத்தில் தவழும் கோடு, அதன் முடிவில் தாளின் உச்சிவரை ஒரே நெட்டில் ஏறிய ஒரு கோபுரம்.

“இது என்னம்மா?”

“தலையணை தவறின இடம் சார்” என்று சொல்லி, திரையில் குறுக்கே விரிசல் ஓடிய போனை எடுத்து மேசை மீது வைத்தேன்.